மூன்று ஜாண், இரண்டு விரல்

ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில்
ஏழு வருடமாக நான் பார்க்கும் வேலைகளில் ஒன்று
முதலாளிக்கு மும்பையில் அறை பிடிப்பது.
இரவுக்குப் பதினெட்டாயிரம், காலைச் சாப்பாடு சேர்த்து.
லிஃப்ட் பக்கத்தில் வேண்டாம் என்பார்.
ஏழாவது மாடிக்குக் கீழே வேண்டாம்.
கடல் தெரிய வேண்டும், கடல் வாடை வரக்கூடாது.
மும்பையை நான் பார்த்ததே இல்லை.
ஆனால் எந்த ஓட்டலில் நாலு தலையணை தருவார்கள்,
எந்த ஓட்டலில் கடல் பார்த்த அறை என்றால்
குளியலறைச் சன்னலில் எக்கிப் பார்க்கவேண்டும்
எல்லாம் அத்துப்படி.

இன்று மே மாத வெயில், மணி பதினொன்று.
பாபு ராவ் தெருவில்
எனக்கே ஓர் அறை தேடுகிறேன்.

தணிகைவேலுவின் இடுப்பில் மூன்று ஸ்க்ரூ.
இருபத்தோரு நாள் பக்கத்திலேயே இருங்க என்றார் டாக்டர்.
குடியாத்தம் ஒன்றும் தூரமில்லை.
ஆனால் அந்த ரோட்டின் ஒவ்வொரு வேகத்தடையும்
அவர் எலும்புக்குள் ஏறி இறங்கும்.

முதல் லாட்ஜில் போர்டு வங்காளத்தில்.
பையன் என்னிடம் இந்தியில் வாடகை சொன்னான்.
தமிழ்தாம்பா என்றேன்.
முகம் மாறியது, வாடகை மாறவில்லை.

இரண்டாவதில் ஏ.சி. இருக்கிறது,
ரிமோட்டுக்குத் தனியாக ஐம்பது ரூபாய்.

மூன்றாவதில் அறை சுத்தம், காற்று நன்றாக வருகிறது.
மாடிக்குப் பதினாலு படி.
வலது காலை மடக்கிக்கொண்டு
சுவரைப் பிடித்து நொண்டி ஏறிப் பார்த்தேன்.
ஒன்பதாவதில் திருப்பம், அங்கே கைப்பிடி இல்லை.
இன்னாக்கா பாண்டி ஆடறியா என்று
பக்கெட்டோடு நின்ற பையன் சிரித்தான்.
எனக்கும் சிரிப்பு வந்தது,
ஒற்றைக் காலில் இறங்க முடியாமல்
அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலாவது முனவ்வர் பாயுடையது.
கீழ்த்தளம், கடைசி அறை, அறுநூறு ரூபாய்.
ஸ்டவ் வாடகைக்கு உண்டு. சன்னலைத் திறந்தால் சுவர்.
அடுத்த அறை வாசலில் கடுகெண்ணெய் காயவைத்துக்கொண்டிருந்த ஷிப்ரா,
மால்டாக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
இங்கே வந்து கற்ற தமிழில் சொன்னாள்:
தண்ணி காலை அஞ்சு மணி. ஜெனரேட்டர் அந்தப் பக்கம்.
கட்டில் பாக்காதே, கதவு பாரு.

பார்த்தேன்.
சக்கர நாற்காலியைக் காலையிலேயே அளந்து வைத்திருந்தேன்,
என் கைக்கு மூன்று ஜாண், இரண்டு விரல்.
நிலைப்படியில் குந்தி,
ஒரு ஜாண், இரண்டாவது ஜாண்...
போன் அடித்தது.

முதலாளி.
"இந்தத் தடவ ரூம்ல பாத் டப் இருக்கணும்மா. மறந்துடாத."
"சரிங்க சார். கதவு அகலம் எவ்வளவுன்னு கேட்டு வைக்கட்டுங்களா?"
"எதுக்கு?"

எதுக்கு என்று எனக்கும் உடனே தெரியவில்லை.
சும்மாதான் சார் என்றேன்.
விட்ட இடத்தில் விரலை வைத்தேன்.
மூன்று ஜாண், நாலு விரல். நுழையும்.
குளியலறைக் கதவும் நுழையும், கொஞ்சம் உரசிக்கொண்டு.

பாய் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
பக்கத்தின் உச்சியில் யாரோ சிகிச்சை என்று எழுதியிருக்கிறார்கள்.
அதற்குக் கீழே வரிசையாக மேற்படிப் புள்ளிகள்,
கடைசி வரிவரை, எறும்பு போவதுபோல.
நானும் இரண்டு புள்ளி வைத்தேன்.

தங்கும் நாள்:
ஷிப்ராவின் வரியைத் தேடினேன், இரண்டு தாள் பின்னால்.
பதினைந்து என்று எழுதியிருந்தாள்.
தேதி, ஜனவரி.

இருபத்தொன்று என்று எழுதினேன்.
பேனா சரியாக எழுதவில்லை என்று
அதன்மேலேயே இன்னொரு தடவை எழுதினேன்.
பிறகு பக்கெட் வாங்கக் கிளம்பினேன்.
பாய் சொன்னார், நீலக் கலர் வேண்டாம்மா,
இங்க எல்லாருதும் நீலம், மாறிடும்.