இரண்டில் ஒன்று

பேசின் பிரிட்ஜ் யார்டு. ஏழாவது லைன்.
விடியற்காலை மூன்று இருபது.
கால்வாய் நாற்றத்துக்கு மூக்கு பழகிவிட்டது,
கொசுவுக்குத்தான் நான் இன்னும் பழகவில்லை.

பத்தொன்பது பெட்டி அந்தப் பக்கம்,
எஞ்சினோடு மூன்று பெட்டி இந்தப் பக்கம்.
நடுவில் இருபதடி இருட்டு.
ஓரத்தில் கைவிளக்கோடு நான்.

"வரலாம், வரலாம், மெதுவா" என்கிறேன் வாக்கிடாக்கியில்.
ஷண்டிங் எஞ்சினில் மகிமைதாஸ்.
தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி
பெட்டியைக் கொண்டுவருவார் மனுஷன்.
நடக்கிற வேகம்கூட இல்லை,
ரேஷன் வரிசை நகர்கிற வேகம்.

டங்.

சேரவில்லை.
முட்டி, அரையடி பின்வாங்கி நின்றது,
பஸ்ஸில் தெரியாதவர் காலை மிதித்துவிட்டதுபோல.

"இன்னொரு வாட்டி."
டங்.
"இன்னாம்மா கிருபா, பொண்ணு ஒத்துக்க மாட்டேங்குதா?"
பதில் சொல்லவில்லை.
விளக்கைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு
உள்ளே போய்ப் பார்த்தேன்.
இரண்டு கப்ளரும் விரலை மடக்கியிருந்தன.
எதிரெதிரே இரண்டு முஷ்டி.
திறந்துவைக்க வேண்டியவள் நான்தான்.
மறந்திருக்கிறேன்.

இதன் சட்டம் ரொம்பச் சின்னது.
இரண்டும் திறந்திருக்கலாம்.
ஒன்று திறந்து ஒன்று மூடியிருக்கலாம்.
இரண்டும் மூடியிருந்தால்
எத்தனை முறை இடித்தாலும் சத்தம்தான் மிச்சம்.

"ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்" என்றுதான்
தம்பி எபினேசர் எழுந்து போனான்,
புளியந்தோப்பு வீட்டு மாடி யாருக்கு என்கிற பேச்சில்.
பதினோரு மாதம்.
நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கப்ளருக்காவது பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு.
தண்டவாளத்துக்கு வெளியே நின்றே திருகலாம்.
உள்ளே பூட்டு எழும்பும், விரல் விரியும்.
எபினேசருக்கு எந்தப் பக்கம் கைப்பிடி என்று
அவனைப் பெற்றவளுக்கே தெரியாது.
எனக்கு எங்கே என்று
அவனும் தேடியிருப்பானோ என்னவோ.

சரி. யார்டில் வீட்டு நினைப்பு ஆகாது,
காலைக் கேட்கும்.
திருகினேன். விரிந்தது. வெளியே வந்தேன். பச்சை.
"வரலாம், வரலாம், வரலாம்..."

க்ளக்.

இது வேறு சத்தம்.
சோற்று டப்பாவின் மூடி
தன் இடத்தில் உட்காருகிற சத்தம்.
மகிமைதாஸுக்குக் கேட்டிருக்காது.
என் குதிகாலுக்குக் கேட்டது.

சத்தத்தை நம்பிப் போகமுடியாது, இழுத்துப் பார்க்கவேண்டும்.
"ஒரு இழுப்பு சார்."
எஞ்சின் ஒரு மூச்சு இழுக்க
இருபத்திரண்டும் முனகின.
விடவில்லை.

தானியங்கி என்று பெயர்.
வைத்தவன் ரப்பர் குழாய்களைப் பார்த்ததில்லைபோல.
மறுபடியும் சிவப்பு காட்டி, குனிந்து நுழைந்து,
பச்சையைப் பச்சையோடும் வெள்ளையை வெள்ளையோடும்
கையால்தான் கோத்தேன்.
திருகைத் திறந்ததும் காற்று சீறி
ஏதோ ஊரின் புழுதியை முகத்தில் அடித்தது.
தும்மினேன்.
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தும்மினால்
எதிரொலி உண்டு.

இந்நேரம் சென்ட்ரலில் ஏறியிருப்பார்கள்.
கீழ் பெர்த்துக்குச் சண்டை நடக்கும்.
டீக்காரர் கேனோடு
ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கால் வைப்பார்.
அந்த ஒரு எட்டுக்குக் கீழே
என் மூன்றாவது தடவை இருக்கிறது.
டீ சிந்தாது.

ஆறு மணி. டியூட்டி முடிந்தது.
வருகைப்பதிவு மிஷினில் கட்டைவிரல் வைத்தேன்.
கிரீஸ்.
மீண்டும் முயலவும், என்றது.
பேன்ட்டில் துடைத்துவிட்டு அழுத்தினேன்.
மீண்டும் முயலவும்.
எச்சில் தொட்டு, இன்னும் அழுத்தினேன்.
பின்னால் வரிசையில் யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்கள்:

"இடிக்காதக்கா. மெதுவா வை."