கொடுக்காத ஒன்று

எட்டு வயதில் மஞ்சள் நீர் குடித்து
இந்த வீட்டுப் பிள்ளையானேன்.
குவளை வெள்ளி. தண்ணீர் கொஞ்சம் கசந்தது.
பெற்றவள் பட்டாலைத் தூணோரம்
வேறு யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவள்போல்
விசிறிக்கொண்டு நின்றாள்.

அதனால்தானோ என்னவோ
பதினெட்டு நாள் யுத்தக் கதையில்
எனக்கு அவனைத்தான் பிடிக்கும்.
ஆற்றில் விட்ட பெட்டியில் வந்தவன்,
தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன்,
தோலோடு ஒட்டிய கவசத்தைக்
கேட்டவனுக்கு அறுத்துக் கொடுத்தவன்.
பேரைச் சொல்லப் போவதில்லை.
கண்டனூரில் வட்டிக் கடைக்குக்கூட
அவன் பேரை வைத்துவிட்டார்கள்.

எனக்கும் ஒரு நண்பன், வெள்ளையப்பன்.
பிள்ளை கூட்டிய அப்பச்சிக்குப்
பினாங்குச் சொத்து கைவிட்டுப் போன வருஷம்
என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவன்.
ரசீதைக்கூட என்னிடம் காட்டவில்லை.
அந்த ஒன்றுக்காக இருபத்தெட்டு வருஷம்
அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

போன ஆடியில் அவன் தம்பி பெண்டாட்டி சிகப்பி,
தம்பி போய்ப் பதினோரு மாதம்,
வளவில் வந்து நின்று தன் சாமான்களைக் கேட்டாள்.
வெள்ளிக் குத்துவிளக்கு, பர்மா அரக்குப் பெட்டி,
பித்தளை அண்டா, மங்கு ஜாடி.
'கட்டியிருக்கிற சேலையும் இந்த வீட்டுதுதான்,
அதையும் லிஸ்ட்ல சேத்துக்கவா?' என்றான் வெள்ளையப்பன்.
பங்காளிகள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

அவனும் சபையில் அப்படித்தானே.
யார் மகன் நீ என்று கேட்கப்பட்டுத் தலைகுனிந்தவன்,
அந்தக் கசப்பு நாக்கிலேயே தங்கியவன்,
ஒருத்தியை இழுத்து வந்தபோது
அதே கரண்டியால் அவளுக்கும் பரிமாறினான்.
கவசத்தைப் பாடுகிறோம்.
இந்த இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டு
அடுத்த அத்தியாயம் போகிறோம்.

சாமான் விவரம் எழுதியது நான்தான்.
அவள் கல்யாணத்தன்று, எட்டுப் பக்கம்.
ஒரு படியைக் கரையான் தின்றதென்று
வெள்ளையப்பன் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான்.
இன்னொரு படி என் பீரோவில்.

தேவகோட்டை வாய்தாவுக்கு முந்தின நாள்
பெற்றவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.
முதல் தடவையாக 'என் ராசா' என்றாள்.
'ஒந்தம்பி வெள்ளையப்பன் கடையிலதான் சம்பளம் வாங்குறான்.
அந்தப் பேப்பரை மறந்துரு.'
நாற்பது வருஷம் பிந்தி வரும் பாசம்
கையில் ஒரு மனுவோடுதான் வருமோ?
அவனுக்கும் அப்படித்தான் வந்தது, போருக்கு முன்னால்.
அவன் வாக்குக் கொடுத்தான், கொடுத்தே பழகியவன்.
நான் காபியும் ஆட்டோவுக்குக் காசும் கொடுத்தேன்.

கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவன்
நண்பனுக்கு ஒன்றே ஒன்றைக் கொடுக்கவில்லை:
ஒரு 'வேண்டாம்'.
தின்ற சோற்றுக்கு உயிரைக் கொடுத்தான். சரி.
சோறு போட்டவன் குழிக்குள் நடக்கும்போது
கையைப் பிடித்து இழுப்பது
எந்தப் பேரேட்டில் வரும்?
நன்றி என்று நான் நினைத்திருந்தது
பாதி சோம்பல். மீதி பயம்.

விடியுமுன் வெள்ளையப்பன் வீட்டுக்குப் போனேன்.
'லிஸ்ட் இருக்கு. இன்னைக்குக் காட்டப் போறேன்.
அன்னைக்கு வளவிலயே உன்னைத் தடுத்திருக்கணும்.'
முகப்பு விளக்கை அணைத்தான். அவ்வளவுதான்.

ஊரணிக் கரையில் ராத்திரி மழை.
ஸ்கூட்டர் பின்சக்கரம் செம்மண்ணில் இறங்கிவிட்டது.
சிரிப்பு வந்தது, இந்த முறை என்னைப் பார்த்து.
இறங்கித் தள்ளினேன்.
எதிரே வில்லோடு எவனும் இல்லை.
பால்காரர் ஒருவர் கேனை இறக்கி வைத்துவிட்டு
ஒரு கை பிடித்தார்,
யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல்.

சட்டைக்குள் எட்டுப் பக்கமும் நனையவில்லை.
ஏழாம் பக்கம், கடைசிக்கு முந்தின வரி:
மங்கு ஜாடி, ஊறுகாய்க்கு, இரண்டு.
ஒன்றின் மூடி விரிசல்.
அன்றைக்கு அதைக்கூட எழுதியிருக்கிறேன்.