முந்நூறு, ஏறக்குறைய

குளோமா ஆறு இன்னும் பனிக்கட்டிக்கு அடியில்.
மார்ச் முதல் ஞாயிறு, மைனஸ் பன்னிரண்டு.
சங்கத்துக் கொட்டகையில் துப்பாக்கிகள் எல்லாம் பூட்டில்.
மேசைமேல் மூன்று லேசர் தூரமானிகள்;
மூன்றையும் விற்றாலும்
ஒரு நல்ல தொலைநோக்கிக்குத் தேறாது.

கறுப்பு எல்ட்ரித்துடையது.
பச்சையைத் தள்ளுபடியில் வாங்கியவன் சிக்பியோன்.
மூன்றாவதை, ஆரஞ்சு நிறத்தை,
தன்னுடையதென்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் சாலைத் துறைக்காரி.
ஐம்பது மீட்டர் எஃகு நாடாவைக்
கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தேன்.
ஆறு முறை விரித்தோம், ஆறு ஆணி அடித்தோம்.
நான்காவதில் சிக்பியோன் தொடைவரை பனியில் இறங்கி
நாடாவை விடாமல்
கடவுளையும் என்னையும் வைதான்.
முந்நூறில் வெள்ளைப் பலகையை நட்டு
பக்கத்தில் அவனையும் நட்டுவிட்டுத்
திரும்பி நடந்தோம்.

பெட்டிக்குள் நடப்பது இவ்வளவுதான்:
ஒளியில் ஒரு சிட்டிகை அனுப்பு.
எதிலாவது பட்டுத் திரும்பட்டும்.
போய்வந்த பொழுதைத் தூரமென்று சொல்.

"செத்தேன், சீக்கிரம்!" என்று அங்கிருந்து கத்தினான்.
கூப்பிடு தூரம்தான்,
ஆனாலும் கூப்பிட்டது வந்துசேர
ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு.
அதற்குள் ஒளி
நாலரை லட்சம் தடவை போய்வந்துவிடும்,
குளிருகிறது என்று ஒரு முறைகூடச் சொல்லாமல்.

கறுப்பு: 303.
மறுபடி 303.
கையுறையைக் கழற்றி, முக்காலியில் வைத்து, 303.

பச்சை: 300. கைதட்டினோம்.
297.
304.
299.
பிறகு 14.

பதினாலில் என்ன இருக்கிறதென்று போய்ப் பார்த்தேன்.
ஒரு பிர்ச் குச்சி,
சுண்டுவிரல் பருமன் இல்லை,
நுனியில் உறைந்த ஒரு சொட்டு.

ஆரஞ்சு: 328.
திரும்பவும் 328.
சிரித்துச் சிரித்து ஹல்வாரின் காபி சிந்தியது.
பிறகுதான் எல்ட்ரித் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்:
திரையின் மூலையில் கடுகளவு எழுத்து.
கெஜம்.
அது கெஜத்தில் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது,
மீட்டரில் கேட்டது நாங்கள்.

"அது என்னுடையது" என்றான் ஹல்வார்.

எல்ட்ரித் கறுப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.
"எப்போதும் ஒரே பொய் சொல்பவனோடு
காலம் தள்ளிவிடலாம். மூன்றைக் கழித்தால் தீர்ந்தது."
வேறு மாதிரி ஒருவனோடு
பதினோரு வருடம் இருந்து பார்த்தவள்.

இருநூறிலும் பார் என்றேன்.
202.
நூறில் 101.
பொய் தூரத்தோடு வளர்கிறது.
அவள் பென்சிலை நாக்கில் தொட்டு
காபி வடிதாளில் எழுதியதை அடித்தாள்:
கழிக்காதே, வகு.

இவ்வளவும் எதற்கு?
முந்நூறில் ஒரு மீட்டர் பிசகினால்
குண்டு தாழ்வது ஒரு பார்லி மணி நீளம்.
என் நாடித் துடிப்பு
ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கைப்பிடி பார்லியை
இறைத்துக்கொண்டிருக்கிறது.
அதை அளக்கத் தள்ளுபடியில் எதுவும் கிடைப்பதில்லை.

சிக்பியோனை மறந்துவிட்டோம்.
பலகையைத் தோளில் சுமந்து அவனே வந்தான்,
மீசையில் பனி,
யாரோடும் பேசவில்லை.

இரவு நாடாவை அடுப்பருகே காயப்போட்டபோது
உறைத்தது:
இருபது டிகிரியில் அளவிட்ட எஃகு,
மைனஸ் பன்னிரண்டில் சுருங்கியிருக்கும்.
ஐம்பதுக்கு ஒரு விரலகலம்,
ஆறு விரிப்புக்கு அரைச்சாண்.
நாங்கள் முந்நூறென்று நட்டது
முந்நூறில்லை.

யாருக்கும் போன் செய்யவில்லை.

திங்கள் காலை எண்ணெய் தடவித் திருப்பிக் கொடுத்தேன்.
படிவத்தில் ஒரு கட்டம்:
கருவி சரியாக உள்ளதா?
ஆம் என்று குறித்தேன்.
கொஞ்சம் நின்று,
ஓரத்தில் வெப்பநிலையையும் எழுதினேன்.