இடையில் இரண்டு இதழ்கள்

ஷார்ஜா, சஜ்ஜா. பழைய காகிதக் கிடங்கு.
நாற்பத்தொன்றாம் இதழில்
வெண்கல வல்லூறு செத்துப்போனான்.
நகரமே அழுதது; மழைகூட வரைந்திருந்தார்கள்.

நாற்பத்துநான்கில்
கூரைமேல் நிற்கிறான், தாடியோடு.
எப்படி வந்தாய் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

நடுவில் இரண்டைக் காணோம்.
மூன்று வாரமாய்க் கட்டுக்கட்டாகப் பிரிக்கிறேன்:
சிமெண்ட் சாக்கு, மருந்துச் சீட்டு,
யாருடைய கல்யாணப் பத்திரிகையோ.

"கெடச்சா என்னல செய்வ?" என்றான் தவசிக்கனி.
ஃபோர்க்லிஃப்ட் சாய்ந்து செத்த தம்பியை
சரக்கு விமானத்தில் அவன் ஏற்றியது
போன ரமலானில்.
நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று ஷிஃப்ட் முடிந்து
தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தால்
என் மூலையில் விளக்கு.
அவிழ்த்த கட்டுக்கு முன் குந்தி
தவசிக்கனி
ஒவ்வொரு எண்ணாகப் பார்க்கிறான்,
வாய்விட்டு.