மேலால கீறின கோடு

கிளிநொச்சி நூலகத்தில் பதினான்கு நாள் இரவல்.
கறுப்புச் சனத்தைப் பற்றிய மொழிபெயர்ப்பு,
ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது.
மத்தியானச் சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில்
கந்தோர் மேசையில் வைத்து வாசித்தேன்.

பேருந்தின் பின் இருக்கைக்கு
எழுப்பி அனுப்பப்பட்டவளின் அருகில்
பென்சிலால் ‘ஓமந்தை’ என்று எழுதினேன்.
கடைகள் எரிகிற பக்கத்தில் ‘எண்பத்து மூன்று’.
நாற்பது இடத்திலாவது அடிக்கோடு.
எல்லாவற்றிலும் அடி வாங்கியவள் நான்.
வலித்தது.
சொன்னால் என்ன, சுகமாகவும் இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டில் ஒரு வரைபடம்.
கறுப்பர் குடியிருந்த தெருக்களைச் சுற்றிச் சிவப்பு மை.
அதற்குள் வீடு கட்டக் கடன் இல்லை.
கீறினவர் கெட்டவர் என்று எழுதியிருக்கவில்லை.
நேரத்துக்கு வேலைக்கு வருபவராம்,
கையெழுத்து வடிவாம்.

எனக்குப் பின்னால், சுவரில்,
இரணைமடுவின் வாய்க்கால் படம்.
சிவப்புக் கோடு மட்டும் வயல், தண்ணீர் முறை.
அதற்கங்கால் மேட்டுக்காணி:
எழுபத்தேழில் அடிபட்டு
லொறியில் வந்து இறங்கின மலைநாட்டுச் சனம்.
காடு வெட்டினது அவர்கள்.
எங்கட வயலில் களை பிடுங்குவதும் அவர்கள்.
கோட்டை நான் போடவில்லை.
மை மங்கிப்போச்சுது என்றார் பெரியவர்;
மேலால கீறினது நான்,
அடிமட்டம் வைத்து.

தம்பி ஒருத்தியைக் கட்டப்போறன் என்றபோது
பேர் கேட்கவில்லை.
‘தோட்டக்காடோ?’ என்றுதான் கேட்டேன்.
அவன் இப்போது பாரிசில். கதைப்பதில்லை.

அந்த வரைபடத்தின் ஓரத்தில்
எனக்கு முதல் வாசித்த யாரோ
நீலப் பேனையால் ஒரு சொல் எழுதியிருக்கிறார்:
‘கந்தோர்’.
‘ந்’தின் வால் நீண்டு அடுத்த எழுத்தைத் தொடுகிறது.
தெரிந்த எழுத்துத்தான்.
தர்மபுரம் க. மருதாயி,
கைநாட்டு.
மனுவை எழுதிக் கொடுப்பது மகள்.
ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் ஒன்று வரும்.
‘காணிக்கு உறுதி இல்லாதபடியால்’ என்று
நானும் ஒவ்வொரு வருசமும் பதில் எழுதுவேன்.

அழிறப்பரால் தேய்த்துப் பார்த்தேன்.
பேனை எழுத்துப் போகவில்லை,
தாள்தான் கிழியப் பார்த்தது.

புத்தகத்துக்குத் தவணை முடிந்து மூன்று நாள்.
வியாழன் கூட்டம்.
இந்த வருசத்து மனு மேலே கிடக்கிறது.
பதிலைத் தொடங்கிவிட்டேன்,
‘உறுதி’ மட்டும் வந்திருக்கிறேன்.