மூன்றுக்குப் பிறகு

கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன், பெட்டி வரவில்லை.
பதினோரு வருடம் கம்பளத்தோடு பழகிவிட்டது.
கொக்கி துருவில் இறுகியிருந்தது,
வெண்ணெய்க் கத்தியால் நெம்பித் திறந்தேன்.

மூடியின் உட்புறம் இன்னும் அந்தத் தாள்.
பதினான்கு பாட்டுகள், வரிசையாக, தாமதியின் கையெழுத்தில்.
ஒன்பதாவதற்கு எதிரே
'ரோனா, இதிலாவது தூங்காதே'.

பேஸ் கிட்டாரை மடியில் வைத்தேன்.
இத்தனை கனமா இது?
இதையா தோளில் மாட்டிக்கொண்டு
மூன்று மணிநேரம் நின்றேன், அதுவும் அந்தச் செருப்பில்?

வெளியே தெற்குக் காற்று.
போர்ட் சால்மர்ஸ் துறையில் ஏதோ ஒரு கப்பல்
விடியவிடிய பைன் மரக்கட்டைகளை விழுங்குகிறது.
ஒவ்வொரு கட்டை விழும்போதும்
என் சன்னல் கண்ணாடி ஒருமுறை தும்முகிறது.
சீரே இல்லாத தாளம்.
அவன் இருந்தால் எழுந்து போய்
கிரேன்காரனைத் திருத்தியிருப்பான்.

தாமதி தாமதிக்கவே மாட்டான்.
எந்தப் பாட்டையும்
பேருந்து கிளம்பிவிட்டதுபோல்தான் தொடங்குவான்.
குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்பான்.
நான்கை ஒருநாளும் சொன்னதில்லை.
அந்த இடத்தில் மூச்சை இழுப்பான்,
குளிர்ந்த நீரில் குதிக்கப்போகிறவன் அவன்,
கூடவே நாங்களும் குதித்தாக வேண்டும்.
ஒன்பது வருடம் அந்த ஒரு மூச்சை நம்பி
நானும் நெவிலும் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தோம்.
சில இரவுகளில் கீழே தண்ணீர் இல்லை.

கடைசிச் சண்டை பெட்ரோலுக்காக.
நாற்பது டாலர்.
ஓமரூவுக்கு வெளியே, பங்க்கின் வெள்ளை விளக்கடியில்
நான் கணக்குச் சொன்னேன், அவன் சிரித்தான்.
சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.
பிறகு சலவை இயந்திரம் பழுதாகி
ஆம்ப்ளிஃபையரை விற்றேன்.
ஏன் விட்டாய் என்று யார் கேட்டாலும்
அந்தச் சலவை இயந்திரத்தைக் கைகாட்டுவேன்.

மராயில் அவனை மூன்று நாள் கிடத்தியிருந்தார்கள்.
நாங்கள் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தோம்.
நெவில் எழுந்து ஏதோ பேசினான்.
பேச்சு முடிந்ததும் கூட வந்தவர்கள் பாடவேண்டும்,
அங்கே அது முறை.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
ஊர் ஊராய்க் காதடைக்க வாசித்த கூட்டம்,
முழுதாய் ஒரு பாட்டு வாய்க்கு வரவில்லை.
கடைசியில் அவன் அத்தைகளே எழுந்துவந்து
எங்கள் பக்கத்தில் நின்று
எங்களுக்காகப் பாடினார்கள், அவனுக்கு.
நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.
அவன் முகத்தில் அந்தச் சிரிப்பைத் தேடினேன்.
யாரோ துடைத்திருந்தார்கள்.

இப்போது ஒன்பதாவது பாட்டு.
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிய விரல்கள்,
இரண்டாம் சுற்றிலேயே எரிகின்றன.
டிரம் இல்லாத பேஸ் என்பது
தொலைபேசியில் பேசுகிறவளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.
ஆமாம். இல்லை. அப்படியா. எப்போது?
மறுமுனை சொல்வதை நாமே ஊகிக்கவேண்டும்.

ஊகிக்க முடிகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.
இந்த வளைவில் அவன் ஓடுவானென்று
விரல் தானாகவே பின்னுக்கு இழுக்கிறது.
நாய் போன பின்னும்
கயிறு விறைப்பாகவே நிற்கிறது.

கீழ்வீட்டு மெக்லவுட் கூரையில் துடைப்பக்கட்டையால் இடித்தார்.
எனக்குப் புரியவில்லை.
ஆம்ப் இல்லாத பேஸ் அடுத்த அறைக்கே கேட்காதே.
அப்போதுதான் பார்த்தேன்,
என் வலது குதிகால் பலகையை மிதித்துக்கொண்டிருந்தது,
எவ்வளவு நேரமாகவோ,
வேகமாக, அவன் வேகத்தில்.

நிறுத்தினேன்.
அவர் இன்னும் கோபம் தீராமல்
ஒன்று,
இரண்டு,
மூன்று.
அத்தோடு விட்டுவிட்டார்.

அறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நான்தான்.