முட்டி

பகாவ் கிளினிக்கில், வெளிச்சப் பெட்டியில்
என் முட்டிகளை மாட்டினார் டாக்டர் நூருல்.
மேலே தொடையெலும்பு, இரண்டு உருண்டையாய்.
கீழே காலெலும்பு, மேடை போட்டதுபோல்.
நடுவே கறுப்பாய்
ஒரு மிளகு நுழையுமளவு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லைதான் குருத்தெலும்பாம்.
படத்தில் விழாது.
இரத்தம் போகாது, நரம்பும் போகாது.
மிதித்தால் பிழியும், தூக்கினால் உறிஞ்சும்,
முட்டை வெள்ளைபோல் வழவழத்த நீர்;
அதுதான் அதற்குச் சோறு.
நடந்தால்தான் சாப்பாடு.

"நானும் அப்படித்தான்" என்றேன் தமிழில்.
மலாயில் அது வரவில்லை.
டாக்டர் தலையாட்டிவிட்டு
இடது முட்டியைக் காட்டினார்.
அங்கே கடுகுகூட நுழையாது.

பதினேழு வருடம் செம்பனைக்கடியில்
குந்தியபடியே உதிரிப்பழம் பொறுக்கியது.
தேயும்போது அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.
நரம்பில்லாதது எப்படிச் சொல்லும்?
அடியிலிருக்கும் எலும்புதான் கடைசியில் கத்தியது,
போன தைப்பூசத்தன்று, செருப்பு மாட்டும்போது.

மாத்திரை, ஒரு தைலம்,
குந்தக்கூடாதென்று எழுதிய சீட்டு.
சீட்டைக் கங்காணி சன்னாசியிடம் காட்டவேண்டும்.

பஸ் படி உயரம்.
வலதை வைத்து இடதை இழுத்தேன்.
டக்.
டிரைவர் எட்டிப் பார்த்தான்
கதவில் ஏதோ கழன்றுவிட்டதென்று.